சேலத்தில் ஆள் ஏறாத நம் வேன்

தலைவர் அவர்களே, கர்ப்பிணி ஒருத்தியை அவள் குடியிருந்த தெருவைவிட்டு விரட்டியது நீங்கள்தான். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லவே முடியாது. வேண்டாம் என்று அங்கேயே ஒருவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்காமல் செய்தீர்கள்.

உங்களுக்கு அடுத்த குற்றவாளி நான். அதையும் எழுதுகிறேன்.

சங்கத்தின் ஆண்டு மலருக்கு, உங்கள் சார்பில் நான் போய்வந்த சேலம் பயணத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள், கோவில், சாப்பாடு, நாம் கொடுத்த வேன் எல்லாம் வரட்டும் என்றீர்கள். கோவில் மட்டும் வராது; போக நேரம் கிடைக்கவில்லை. இதில் வரும் பெண்களின் பெயர்களையும் ஊர்களையும் மாற்றியிருக்கிறேன். யாரும் தேடிக்கொண்டு போக வேண்டாம்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் எச்.ஐ.வி. உள்ள பெண்களே சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்புக்கு மலேசியாவில் உள்ள நம் கிள்ளான் சங்கம் நிதி கொடுத்து வருகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டவர்களைத் தேடிப் பிடித்து மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும், கர்ப்பிணிகளைச் சோதனைக்கு அழைத்து வருவதும் அவர்கள் வேலை. அவர்களுக்கு ஒரு வெள்ளை வேன் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு பக்கமும் பெரிய சிவப்பு ரிப்பன். அதன் கீழே 'எய்ட்ஸ் தடுப்பு வாகனம்' என்று சிவப்பு எழுத்து. அதற்கும் கீழே நம் சங்கத்தின் பெயர். முப்பது வருடம் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்தவன் என்பதால் எழுத்தை வரைந்து அனுப்பியது நான். தூரத்தில் வரும்போதே படிக்க முடிய வேண்டும் என்றீர்கள். முடிகிற மாதிரி வரைந்தேன்.

சேலத்துப் பேருந்து நிலையத்தில் வேன் வந்து நிற்கும் என்று பார்த்தேன். வந்து நின்றது செல்வி. அமைப்பின் களப்பணியாளர். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடநாடெல்லாம் சுற்றி, நோயோடு திரும்பி வந்து இறந்துபோனார். செல்விக்கும் எச்.ஐ.வி. உண்டு. வருடக்கணக்காக மாத்திரை சாப்பிடுகிறார். என்னைவிட வேகமாக நடக்கிறார். தோளில் ஒரு பெரிய துணிப்பை.

"வேன் எங்கம்மா?"

"சர்வீசுக்கு உட்டிருக்குதுங்ண்ணா. வாங்க, பஸ்ஸுலயே போயிக்கலாம்."

முதலில் தள்ளுவண்டிக்குக் கூட்டிப்போய்த் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட் துருவல், காரச் சட்னி. கிள்ளானில் இது கிடையாது. மூன்று செட் தின்றேன். நான் தின்று முடிப்பதற்குள் செல்வி நாலு பேருக்குப் போன் போட்டார். எல்லாரிடமும் ஒரே கேள்வி: "ஏதாச்சும் தெரிஞ்சுதா?" யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டேன். "அது ஒண்ணுமில்லீங்ண்ணா, சாப்புடுங்க" என்றார்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. வேனை வாடகைக்கு விட்டுவிட்டு என்னிடம் கதை சொல்கிறார்கள் என்று நினைத்தேன். 'வேனைக் காட்ட மறுக்கிறார்கள்' என்று அன்றைக்கே உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீங்களும் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினீர்கள்.

மறுநாள் காலை அமைப்பின் வேலையைப் பார்க்க நாமக்கல் பேருந்தில் போனோம். நம் ஊர்ப் பேருந்தில் சுடுகாடு மாதிரி அமைதி. இங்கே பாட்டுச் சத்தத்தில் என் பல் ஆடியது. ராசிபுரத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையருகே இன்ஜின் சூடாகிப் புகை வந்தது. எல்லாரும் இறங்கினோம்.

"அஞ்சு நிமிசம்ங்க. வண்டி தண்ணி குடிக்குது" என்றார் நடத்துநர்.

"அது குடிச்சுப்போட்டு நம்மள நடக்க உடப்போவுது" என்றார் கூடையோடு நின்ற ஓர் அம்மா.

டீயைக் கையில் வாங்கும்போது நம் வேன் நாமக்கல் திசையில் போனது. ஓட்டுநர் தவிர ஆள் இல்லை. நான் கத்தினேன், நிற்கவில்லை. செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேருந்து தண்ணீர் குடித்து முடிக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் போயிருக்கும், அதே வேன் சேலம் திசையில் திரும்பி வந்தது. அப்போதும் காலி. நான் சாலையின் நடுவில் போய் நின்றேன்.

பிரேக் கதறியது. ஓட்டுநர் பழனிச்சாமி தலையை வெளியே நீட்டினார். "ஏனுங்க, சாவறதுக்கு உங்களுக்கு வேற வண்டி கெடைக்கலீங்களா?"

கிள்ளானிலிருந்து வந்தவன் என்றதும் இறங்கித் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். காலி வண்டியில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"கிலோமீட்டரு ஓட்டறனுங்க."

"என்னது?"

"மாசம் இத்தனை கிலோமீட்டரு ஓடியிருக்கோணும்னு உங்க ரிப்போர்ட்டு பாரத்துல இருக்குதுங்களே. ஓடலைன்னா அடுத்த தவணைப் பணம் வராதுன்னாங்க. அதான் நாமக்கல் போறன், டீ குடிக்கறன், சேலம் வாரன். இதுல ஏற ஆளு இல்லீங்க. அன்னிக்கு ஒரு அம்மா வெயில்ல கையக் காட்டுச்சு. நிறுத்துனன். கிட்ட வந்து எழுத்தைப் படிச்சுது. நான் நடந்தே போயிக்கறன் சாமின்னுட்டுப் போயிருச்சு."

நான் அவரைத் திட்ட ஆரம்பித்தேன். செல்வி குறுக்கே வந்தார். "திட்டறதுன்னா என்னையத் திட்டுங்ண்ணா. அவரு ஓட்டச் சொன்னதைத்தான் ஓட்டறாரு. இந்த வண்டி ஒரு ஊட்டு முன்னால நின்னா, அப்புறம் அந்த ஊட்டுல யாரும் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க. எங்களுக்கே தெரிஞ்ச இதை உங்க சங்கத்துக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் சர்வீசுன்னு பொய் சொன்னன்."

என் பட்டறையில் வேலை பார்த்த ஒருவனுக்கு இந்த நோய் என்று காதில் விழுந்ததும், அவன் கோப்பி குடித்த குவளையைக் குப்பையில் போட்டவன் நான். அவன் அதைப் பார்த்தான். அடுத்த வாரம் வேலைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவும் இல்லை.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துதான், தான் போனில் தேடிக்கொண்டிருந்த மல்லிகாவைப் பற்றிச் செல்வி சொன்னார். வயது இருபத்து நாலு. நெசவாளர் தெரு. விசைத்தறியில் வேலை. புருசன் ரிக் வண்டியில் ஒடிசாவில் இருக்கிறான். இரண்டு பேருக்கும் எச்.ஐ.வி., இரண்டு பேரும் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவர்கள். மல்லிகாவுக்கு முதல் பிள்ளை வயிற்றில்.

வேன் துவக்க விழாவுக்கு நீங்கள் போயிருந்தீர்களே தலைவரே, அன்றைக்குப் பயனாளி என்று மல்லிகாவின் வீட்டு வாசலில் வேனோடு சேர்த்துப் படம் வேண்டும் என்று கேட்டீர்கள். ஊட்டச்சத்து மாவுப் பையை அவள் கையில் கொடுத்தீர்கள். 'வேண்டாங்கய்யா, ஆபீசுல வெச்சுக் குடுத்தரலாம்' என்று செல்வி சொன்னார். 'மறைத்து மறைத்து வைத்துத்தான் இந்த நோய் பரவியது, நாம் வெட்கப்பட வேண்டியதில்லை' என்று நீங்கள் பேசினீர்கள். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நான் கிள்ளானில் கைதட்டினேன். படத்தில் அவள் முகத்தை மங்கலாக்கினோம். நல்லவர்கள் நாம். ஆனால் அன்றைக்கு அந்தத் தெருவே வாசலில் நின்று பார்த்ததே, அதை எப்படி மங்கலாக்குவது?

"தறிக்கு வர வேண்டாம்னுட்டாங்க" என்றார் செல்வி. "கொழாயடியில அவ கொடத்தை வெச்சா, மத்தவங்க அவங்கவங்க கொடத்தை எடுத்துட்டுப் போயிருவாங்களாம். மாமியாக்காரி அவ பொட்டியத் தூக்கி வெளிய வெச்சுட்டா. அன்னையில இருந்து போனு சுவிட்ச் ஆப்புங்ண்ணா. புருசன் கூப்புட்டாலும் இல்ல. அவங்கம்மாவக் கேட்டா, எங்கூட்டுல இல்லைங்கறாங்க. மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கும் வரல. கையில இருந்தது தீர்ந்து ஒரு மாசத்துக்கு மேல ஆயிருக்கும். இன்னும் மூணு வாரத்துல பிரசவம்."

"மாத்திரை இல்லாமல் பெற்றால்?"

"கொழந்தைக்கு வந்தாலும் வரும், வராமயும் போவும். வந்தா வரட்டும்னு உக்காந்துக்க என்னால முடியாதுங்ண்ணா. எனக்கு ஒண்ணு அந்த நோயோட பொறந்து, வெச்சுப் பாத்துட்டன்."

மூன்றாம் நாள் மல்லிகாவின் தெருவுக்குப் பேருந்தில் போனோம்.

தெரு முனையில் செல்வி துணிப்பையைத் திறந்தார். உள்ளே முழுக்க நைட்டி. இரண்டு தோளிலும் நாலைந்தைப் போட்டுக்கொண்டு, "நைட்டி, நைட்டி, சாயம் போவாத நைட்டி" என்று குரல் கொடுத்தார். அந்த வட்டாரத்தில் அவருக்குப் பெயரே நைட்டிக்கார அக்கா. கதவைத் தட்டாமலே எல்லா வீட்டுக்குள்ளும் போக முடிகிறது. என்னை மலேசியாவிலிருந்து வந்த துணி வியாபாரி என்றார். வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

வீட்டுக்கு வீடு தறி அடிக்கும் சத்தம். அதற்குமேல் கத்திப் பேரம் பேசினார்கள். "ஏனுங்க வியாபாரி, மலேசியாவுல இதே நைட்டி என்ன வெலைங்க?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? "இங்கதான் மலிவு" என்றேன். "பாத்தியாக்கா, உன்ற ஆளே சொல்லிப்போட்டாரு. இன்னும் அம்பது கொறை" என்றாள்.

செல்வி மெதுவாக ஆரம்பித்தார். "மல்லிகான்னு ஒரு புள்ள இருந்துச்சே, பிரசவத்துக்குன்னு முன்னால ஜிப்பு வெச்ச நைட்டி கேட்டிருந்துச்சு. கொண்டாந்து பையில சொமக்கறன். எந்த ஊடு?"

பேரம் நின்றுவிட்டது. ஒருத்தி மட்டும் முன்னால் வந்தாள். "அவளுக்கு நைட்டி ஒண்ணுதான் கொறைச்சல். எய்ட்ஸு வண்டி வந்து நின்னுச்சுக்கா அவ ஊட்டுக்கு. எனக்குக் கண்ணாடி போடாம பேப்பருகூடப் படிக்க முடியாது. அந்த எழுத்து அந்தக் கோடியில இருந்தே தெரிஞ்சுது. ஆமா, நைட்டி விக்கற உனக்கு அவ என்ன ஒறவா?"

"ஒறவுமில்ல, பகையுமில்ல. ஜிப்பு வெச்சதை வேற யாரு வாங்குவா? நீ வாங்கிக்கறயா?"

"எனக்கெதுக்கு இந்த வயசுல?" எல்லாரும் சிரித்தார்கள். அந்த எழுத்தின் உயரத்தை அளவுகோல் வைத்துக் குறித்த கை இது.

தெருவைத் தாண்டியதும் பின்னால் ஒரு பெண் வேகமாக வந்தாள். மல்லிகாவோடு தறியில் வேலை பார்த்தவள். நைட்டியைப் பிரித்துப் பார்ப்பது மாதிரி நின்று, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "தம்மம்பட்டிப் பக்கம், அவ சின்னம்மா ஊட்டுல இருக்கறா. நான் சொன்னன்னு சொல்லிராதீங்க்கா. அவ கொடத்தை நானும் தொடாமத்தான் வந்தன்."

திரும்பும் பேருந்தில் செல்வி ஒன்று சொன்னார். நாங்கள் போன தெருக்களில் ஒன்றில், நீலப்பூப் போட்ட நைட்டியை ஒருவர் பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டார். அதன் மடிப்புக்குள் அவருக்காக ஆஸ்பத்திரியில் வாங்கி வந்த மாத்திரை டப்பா இருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை. "போன வருசம் நைட்டி வாங்க நிதி கேட்டமுங்ண்ணா. திட்டத்துக்குச் சம்பந்தமில்லாத செலவுன்னு திருப்பி அனுப்பிட்டீங்க." அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். 'நைட்டியா!' என்று முதலில் சிரித்ததும் நான்தான்.

நான்காம் நாள் முகூர்த்த நாள். தம்மம்பட்டிப் பேருந்தில் பட்டுச்சேலைக்கும் மல்லிகைப்பூவுக்கும் நடுவில் ஒற்றைக்காலில் நின்றேன். வழியெல்லாம் மரவள்ளிக் காடு. ஜவ்வரிசி ஆலைகளைத் தாண்டும்போது புளித்த மாவு நாற்றம். பேருந்தை நிறுத்தச் சொல்லி ஒருவர் வாந்தி எடுத்தார். அது நான்.

சின்னம்மா வாசலை மறித்து நின்றார். அங்கே பேச்சே வேறு மாதிரி. "இன்னா வேணும் உங்களுக்கு? மல்லிகாவாவது முல்லையாவது. வேற வூடு பாருங்க."

செல்வி ஜிப் வைத்த நைட்டியை எடுத்துச் சத்தமாக விரித்தார். உள்ளேயிருந்து மல்லிகா வந்தாள். வயிறு பெரிது, கை கால் குச்சி. முதல் வார்த்தை இதுதான்: "அந்த வண்டி வந்திருக்குதுங்களாக்கா?"

"இல்ல சாமி. பஸ்ஸுலதான் வந்தன்."

சின்னம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போனதும் மல்லிகா குரலைத் தாழ்த்தினாள். "சிம்மைக் கழட்டிப் போட்டுட்டனுங்க்கா. அலாரம் மட்டும் தெனமும் ஒம்பது மணிக்கு அடிக்குது, மாத்திரை நேரத்துக்கு. அதை அமத்திட்டுப் படுத்துக்கறன். சின்னம்மாகிட்டச் சக்கரை நோய்னு சொல்லியிருக்கறன்." பிறகு என்னைப் பார்த்தாள். "இவருங்க?"

செல்வி துணி வியாபாரி என்று சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். அந்த வண்டியில் இருக்கும் எழுத்தை வரைந்தவன் என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "உங்க ஊட்டு முன்னால ஒரு நாள் நிறுத்துவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

செல்வி ஆஸ்பத்திரி நர்சுக்குப் போன் போட்டார். நர்ஸ் கத்தியது எனக்கே கேட்டது: ஒரு நாளும் தள்ளக் கூடாது, இன்றைக்கே கூட்டி வா. மல்லிகாவுக்குக் காலையிலிருந்து இடுப்பு வலி வேறு. வாடகைக் கார்கள் கல்யாணத்துக்குப் போய்விட்டன. பேருந்தில் அந்த வயிற்றோடு ஏற முடியாது. ஆம்புலன்ஸ் வந்தால் தெருவே கூடும் என்று அவள் அழுதாள். பழனிச்சாமிக்குப் போன் செய்தோம். ராசிபுரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த வண்டியில நான் ஏறமாட்டன்" என்றாள் மல்லிகா. "செத்தாலும் ஏறமாட்டன்."

நான் கடைத்தெருவுக்கு ஓடினேன். சிவப்பின் மேல் வெள்ளை அடித்தால் சிவப்பு கசிந்து மேலே வரும். எழுத்து மறுபடி தெரியும். அதனால் கறுப்பு எனாமல் இரண்டு டப்பா, நாலங்குலப் பிரஷ். ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் வேனை நிறுத்தச் சொல்லி அடித்தேன். தேய்க்காமல், அடிப்பூச்சு இல்லாமல், வெயிலில். என் பட்டறையில் ஒருவன் இப்படி அடித்திருந்தால் பிரஷ்ஷைப் பிடுங்கியிருப்பேன். ரிப்பன் போனது. எய்ட்ஸ் போனது. சங்கத்தின் பெயர் போனது. சட்டையில் பாதி கறுப்பு.

பழனிச்சாமி சுற்றி வந்து பார்த்தார். "எருமை சேத்துல பொரண்ட மாதிரி ஆயிப்போச்சுங்க. ஆனா இப்பத்தான் வண்டி மாதிரி இருக்குது."

தெருவுக்குள் போகவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு மல்லிகா நடந்து வந்தாள். வண்டியின் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். ஓர் எழுத்தின் வால் மட்டும் கீழே தெரிந்தது. விரலால் ஈரப் பெயிண்ட்டை இழுத்து அதையும் மூடினாள். பிறகுதான் ஏறினாள். வாங்கியதிலிருந்து அந்த வேனில் ஏறிய முதல் ஆள் அவள்தான் என்று பழனிச்சாமி சொன்னார்.

வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் பல்லைக் கடித்தாள். "மெதுவா போங்ண்ணா" என்று செல்வி. "சீக்கிரம் போங்க" என்று நான். "ரெண்டு பேருல ஒருத்தரு பேசுங்க" என்று பழனிச்சாமி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் எங்களைத் திட்டிக்கொண்டே அவளை உள்ளே கொண்டுபோய், அன்றைக்கே மாத்திரையைத் தொடங்கினார். பிரசவம் வரை அங்கேயே இருக்கட்டும் என்றார். நான் வெளியே உட்கார்ந்து கையிலிருந்த பெயிண்ட்டை மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்தேன்.

இப்போது கிள்ளானில் இருக்கிறேன். குழந்தை பிறந்துவிட்டது. ஆணா பெண்ணா என்று எழுதமாட்டேன். பிறந்த உடனே நோய் தொற்றாமலிருக்கச் சொட்டு மருந்து தொடங்கிவிட்டார்கள். ஆறாவது வாரச் சோதனை முடிவு இன்னும் வரவில்லை. நல்லபடியாகவும் வரலாம், வராமலும் போகலாம். விட்டுப்போன அந்த ஒரு மாதத்தை இனி யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

நேற்று உங்கள் கடிதத்தின் நகல் கிடைத்தது. வேனில் சங்கத்தின் பெயர் அழிக்கப்பட்டிருக்கிறது, மறுபடி எழுதிப் படம் அனுப்பும்வரை அடுத்த தவணை நிறுத்தப்படும் என்று சேலத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். அழித்தது அவர்கள் இல்லை, நான். தவணை நின்றால் செல்வியின் சம்பளம் நிற்கும். அந்தத் துணிப்பை மூலையில் கிடக்கும். மாத்திரையை விட்டுவிட்டு ஒளிந்திருக்கும் அடுத்த பெண்ணைத் தேட ஆள் இருக்காது.

சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் முதலில் நான் எழுந்து என் பங்கைச் சொல்வேன், அந்தக் குவளை உட்பட. அடுத்து நீங்கள் எழுந்திருக்க வேண்டும். செல்வி வேண்டாம் என்று சொன்னாரா, இல்லையா? சொன்ன பிறகும் அந்தத் தெருவுக்குள் வண்டியை விடச் சொன்னது ஏன்? பெயரும் படமும் இல்லாமல் அவர்களுக்கு நிதி கொடுப்பீர்களா, மாட்டீர்களா? என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கோப்பி வாங்கிக் கொடுத்துச் சொல்ல வேண்டாம். உறுப்பினர்கள் அத்தனை பேர் முன்னாலும் மைக்கில் சொல்லுங்கள்.